லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வைஃபை வரவில்லை: கர்னலை மாற்றுவதா, டிரைவரைக் கம்பைல் செய்வதா, கார்டையே மாற்றுவதா?

லினக்ஸ் போட்டாயிற்று. திரை வந்துவிட்டது, சத்தம் வருகிறது, கீபோர்டும் மவுஸும் ஓடுகின்றன. வைஃபை அடையாளம் மட்டும் காணோம். இந்தச் சிக்கலை யாரிடம் சொன்னாலும் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் "கர்னலை அப்டேட் பண்ணுங்க" என்பார். இன்னொருவர், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் முகவரி ஒன்றைக் கொடுத்து "இதை கம்பைல் பண்ணிப் போடுங்க" என்பார். மூன்றாமவர் "ஒரு டாங்கிள் வாங்கிச் சொருகிட்டு வேலையைப் பாருங்க" என்பார். மூன்றுமே வேலை செய்கிற வழிகள்தான். எது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் குழப்பம். (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; டிரைவர், வைஃபை சிப்பை இயக்கும் நிரல்; கம்பைல் செய்வது, மூல நிரலை ஓடக்கூடியதாக மாற்றுவது; டாங்கிள், யூஎஸ்பியில் சொருகும் வைஃபை கருவி.)

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்னலுக்குள்ளேயே இருக்கிற டிரைவரில் ஓடும் வைஃபைதான் நிம்மதி. அதற்குக் காசில்லாத வழி இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் கொஞ்சம் செலவு செய்தாவது அந்த நிலைக்கு வந்துவிடலாம். வெளியிலிருந்து டிரைவரைக் கொண்டுவந்து ஒட்டுவதைக் கடைசியில்தான் வைப்பேன்.

## சிப் எது என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள்

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற விருப்பத்தோடு (lspci -nnk) ஓட்டுங்கள். "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று தொடங்கும் பகுதியில் சிப்பின் பெயர் இருக்கும். பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் ஜோடி இருக்கும். அதன் முதல் பாதி 8086 என்றால் தயாரிப்பு இன்டெல். முக்கியமானது அதற்குக் கீழே: "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா, இல்லையா? டாங்கிள் என்றால் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையில் பாருங்கள்.

அந்த வரி இருந்தும் வைஃபை இல்லையென்றால் உங்களுக்கு டிரைவர் சிக்கலே இல்லை. ஆர்எஃப்கில் (rfkill) கட்டளையில் "சாஃப்ட் பிளாக்" என்றோ "ஹார்டு பிளாக்" என்றோ வருகிறதா பாருங்கள். ஏரோபிளேன் மோடு பொத்தான் தெரியாமல் அழுந்திக் கிடக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்) காணாமல் போயிருக்கலாம். டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும் கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் ஏறவில்லை, பிழை மைனஸ் 2 என்று வந்தால், கேட்ட கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். ஆனால் இன்டெல் கார்டுகளில் இந்த வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த டிரைவர் ஃபர்ம்வேரின் புதிய பதிப்பிலிருந்து பழையதை நோக்கி ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே வரும். மேலே நாலைந்து மைனஸ் 2 இருந்தாலும் கீழே ஒன்று ஏறியிருந்தால் போதும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் இந்த ஃபர்ம்வேர் தொல்லை முன்பு ரொம்பப் பிரசித்தம். சுதந்திரமாக மாற்றிப் பகிர முடியாத ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் கொள்கையாக இருந்தது. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது.

இன்னொரு நிலையும் உண்டு: சிப் பட்டியலிலேயே இல்லை. அப்படியென்றால் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) அணைந்திருக்கலாம், கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. சில கார்டுகள் லினக்ஸ் எழுப்ப முடியாத அரைத்தூக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் கடந்து, சிப் தெரிகிறது, டிரைவர் வரி மட்டும் இல்லை என்கிற நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் மேற்கொண்டு வருவது.

## எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் கேட்பது, அடுத்த கர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் இது ஓடுமா என்பதைத்தான். இன்றைக்கு ஓட வைப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டாவது, அந்தக் கணினியை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? உங்கள் மேசையில் இருக்கிற கணினி வேறு, ஊரில் அப்பா செய்தி படிக்கிற கணினி வேறு. அங்கே வைஃபை போனால், போனில் "கருப்புத் திரையைத் திறங்கப்பா" என்று ஆரம்பித்து எழுத்தெழுத்தாகக் கட்டளை சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம்தான் பணமும் நேரமும். கூடவே, கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்க வேண்டுமா, ப்ளூடூத் வேண்டுமா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பல சிப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒன்றாகத்தான் வரும்.

| | புதிய கர்னல் | வெளி டிரைவர் | வேறு கார்டு, டாங்கிள் | லேன் வழி |
|---|---|---|---|---|
| கைக்காசு | இல்லை | இல்லை | சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் | கேபிள் விலை |
| அடுத்த அப்டேட்டில் | ஓடும் | உறுதியில்லை | சிப் சரியென்றால் ஓடும் | ஓடும் |
| செக்யூர் பூட் | தொந்தரவில்லை | சாவி பதிய வேண்டும் | தொந்தரவில்லை | தொந்தரவில்லை |
| ப்ளூடூத் | பெரும்பாலும் சேர்ந்தே வரும் | தனியாகப் பார்க்க வேண்டும் | கார்டைப் பொறுத்தது | கிடையாது |
| ஒளிந்திருக்கும் செலவு | பழைய என்விடியா டிரைவர் உடையலாம் | அப்டேட்தோறும் உங்கள் நேரம் | தவறான சிப் வாங்கிவிடலாம் | சுவரில் துளை, தரையில் கேபிள் |

## வழி 1: புதிய கர்னல்

லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. எனவே கணினி புதிதாகவும் டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) பழையதாகவும் இருந்தால் வைஃபை வராமல் போவது இயல்பு. சிப்புக்கான டிரைவர் எந்தக் கர்னலில் நுழைந்தது என்று பார்த்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

இன்டெல் ஏஎக்ஸ்200-க்கு 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10. மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12, எம்டி7925-க்கு 6.7. ரியல்டெக் பட்டியல்தான் நீளம். விலை குறைந்த லேப்டாப்களில் நிறையப் பார்க்கிற ஆர்டிஎல்8821சிஇ 5.9-இல் வந்தது; ஆர்டிஎல்8852ஏஇ 5.16-இலும், அதன் தம்பி 8852பிஇ 6.2-இலும் வந்தன. டாங்கிள்களில் வருகிற 8821சியு, 8812பியு சிப்களுக்கும் 6.2 வேண்டும். பல ஆண்டுகளாக வெளி டிரைவரையே நம்பியிருந்த 8821ஏயு, 8812ஏயு இரண்டும் 2025 மார்ச்சில் வந்த 6.14-இல் உள்ளேயே இருக்கின்றன.

இப்போது உங்கள் கர்னல் எண்ணை யூநேம் கட்டளையில் (uname -r) பாருங்கள். உபுண்டு 22.04 வந்தபோது 5.15. அதை அப்படியே வைத்திருந்தால் 8852பிஇ ஓடாது. ஹெச்டபிள்யூஈ என்ற கர்னல் தொகுப்பை நிறுவினால் அதே 22.04-இல் 6.8 கிடைக்கும். 24.04 ஆரம்பித்தது 6.8-இல், 24.04.3-இன் ஹெச்டபிள்யூஈ 6.14. மின்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம்: அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் லினக்ஸ் கர்னல்ஸ் என்று தனிப் பட்டியலே இருக்கிறது. டெபியன் 12-இல் இருப்பது 6.1, பேக்போர்ட்ஸ் என்ற கூடுதல் களஞ்சியத்திலிருந்து புதியதை எடுக்கலாம், அல்லது 6.12 கொண்ட டெபியன் 13-க்கு ஏறிவிடலாம். ஃபெடோரா பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தப் பகுதியே தேவைப்படாது.

எதையும் நிறுவுவதற்கு முன் ஒரு சோதனை. புதிய ஃபெடோராவையோ புதிய உபுண்டுவையோ பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் லைவ் முறையில் ஏற்றிப் பாருங்கள். அங்கே வைஃபை வந்தால் உங்களுக்குத் தேவை புதிய கர்னலும் ஃபர்ம்வேரும்தான். வேறு எங்கும் அலைய வேண்டாம். வட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக கிட்ஹப்புக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஒளிந்திருக்கும் செலவுக்கு வருவோம். பழைய என்விடியா கார்டு வைத்து 390 வரிசை டிரைவர் போன்ற கைவிடப்பட்ட டிரைவரில் ஓட்டுகிறவர்களுக்குப் புதிய கர்னல் ஆபத்து. வைஃபை வரும், திரை போய்விடும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவையும் கர்னலோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் இந்த வழியில் திரும்பி வருவது சுலபம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய கர்னல் அப்படியே காத்திருக்கும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். உபுண்டுவின் மெயின்லைன் சோதனைக் கர்னல்களை இறக்கிப் போட்டு அதிலேயே காலம் தள்ளுவது. அவற்றுக்குப் பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. கையொப்பமும் இல்லாததால் செக்யூர் பூட் அவற்றை ஏற்காது. சிப் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் சரி.

## வழி 2: வெளி டிரைவரைக் கம்பைல் செய்து போடுவது

கர்னலின் உள் இணைப்புகள் (டிரைவர் கர்னலோடு பேசும் முறைகள்) நிலையாக இருக்கும் என்று லினக்ஸ் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் ஒன்று கர்னலின் மூல நிரலோடேயே வருகிறது. அதில், உள் இணைப்புகளை மாற்றாமல் வைத்திருக்க முடியாது, உங்கள் டிரைவரைக் கர்னலுக்குள் கொண்டுவந்து சேருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. உள்ளே இருக்கிற டிரைவரை, இணைப்பை மாற்றுகிறவரே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருப்பதை யார் திருத்துவது?

இந்தத் தலைவலிக்கு டெல் நிறுவனம் 2003-இல் உருவாக்கியதுதான் டிகேஎம்எஸ். புதிய கர்னல் நிறுவப்படும்போதெல்லாம் டிரைவரைத் தானாக மறுபடி கம்பைல் செய்துவிடும். ஆனால் மூல நிரல் புதிய கர்னலுக்கு ஒத்துவராவிட்டால் அதனாலும் எதுவும் செய்ய முடியாது. அப்டேட் முடிகிறது, மறுதொடக்கம், வைஃபை இல்லை. சரிசெய்ய இணையம் வேண்டும். இணையம்தான் இல்லை.

ஒத்துவருமா வராதா என்பது, அந்தக் களஞ்சியத்தை வைத்திருக்கிற ஓரிருவருக்கு நேரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. லேரி ஃபிங்கர் என்ற பெரியவர் பல ஆண்டுகள் பிராட்காம், ரியல்டெக் டிரைவர்களைத் தூக்கிச் சுமந்தார். உலகெங்கும் ரியல்டெக் கார்டு வைத்திருந்தவர்கள் அவருடைய கிட்ஹப் பக்கத்துக்குத்தான் ஓடினார்கள். 2024 ஜூனில் அவர் காலமானார். கர்னலுக்குள் அவர் சேர்த்த வேலை அப்படியே தொடர்கிறது. வெளியே இருப்பவை அடுத்து யார் கையிலெடுக்கிறார்களோ அவர்களைப் பொறுத்தது.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இன்னொரு படி: டிரைவரைக் கையொப்பமிட்ட சாவியைக் கணினியில் பதிய வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி 10 விநாடி எண்ணும். அழுத்தி, "என்ரோல் மோக்" என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். டீ எடுக்கப் போய்விட்டால் அது பாட்டுக்குக் கடந்துவிடும். பிறகு டிரைவரை ஏற்றினால் சாவி நிராகரிக்கப்பட்டது என்ற செய்திதான் வரும். டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி கம்பைல் செய்கிறவர்கள் பலர், இங்கே தடுமாறியவர்கள்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த வழிக்கு இடம் இருக்கிறது. பழைய மேக்புக்குகளில் இருக்கிற பிராட்காம் பிசிஎம்4360-க்கு டபிள்யூஎல் என்ற வெளி டிரைவரை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் அதைக் கிட்ஹப்பில் தேட வேண்டாம். உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் கருவியே காட்டும், டெபியன் களஞ்சியத்திலும் தொகுப்பாக இருக்கிறது. டிஸ்ட்ரோக்காரர்களே பொதி கட்டித் தருகிற வெளி டிரைவர், தெருவில் கிடைப்பதைவிட எவ்வளவோ மேல். நெட்வொர்க் பாதுகாப்பு படிக்கிறவர்கள் மானிட்டர் மோடுக்காக (சுற்றியுள்ள வைஃபை போக்குவரத்தைக் கவனிக்கும் முறை) தெரிந்தே 8812ஏயு வெளி டிரைவரைப் போடுவார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். கர்னலை உயர்த்த முடியாத அலுவலகக் கணினிக்கும் இது ஒரு இடைக்கால ஏற்பாடு.

செய்வதென்றால் வெறும் மேக் இன்ஸ்டால் (make install) செய்யாமல் டிகேஎம்எஸ் வழியாகவே நிறுவுங்கள். கர்னலுக்குள் டிரைவர் வந்த பிறகு பழையதை மறக்காமல் நீக்குங்கள். இந்த நிறுவிகளில் சில, கர்னலின் சொந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டு வைத்துவிடும். மோட்ப்ரோப்.டி (/etc/modprobe.d) கோப்புறையில் அந்தக் கோப்பு கிடக்கிற வரைக்கும் எந்தப் புதிய கர்னலும் உதவாது.

## வழி 3: வேறு கார்டு, வேறு டாங்கிள்

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி: பெட்டியைத் திறக்க யாரையும் கேட்க வேண்டாம். மதர்போர்டில் வைஃபைக்கான எம்.2 ஸ்லாட் இருந்தால் கார்டை மட்டும் மாற்றலாம். இல்லாவிட்டால் சிறிய பிசிஐஇ ஸ்லாட்டில் போடுகிற, ஆன்டெனாவோடு வரும் கார்டு வாங்கலாம். அவற்றில் பலவற்றின் தகட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பதும் அதே எம்.2 கார்டுதான்.

இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் எண்ணைப் பார்க்கும்போது மட்டும் கண் திறந்திருக்க வேண்டும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று முடிகிறவை சிஎன்விஐ வகை. வைஃபை வேலையில் ஒரு பாதியை இன்டெல் சிப்செட்டே செய்யும். கார்டில் இருப்பது மீதிப் பாதி. ஏஎம்டி கணினியில் அது பட்டியலில்கூட வராது. பிசிஐஇ அடாப்டரில் பொருத்தினாலும் அப்படித்தான். வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி, ஒரு எண்தான் வித்தியாசம், விலையும் பெரும்பாலும் குறைவு. எனவே கை அதன் பக்கம்தான் போகும்.

பிசிஐஇ கார்டில் ப்ளூடூத் வரவில்லை என்று லினக்ஸைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வைஃபை பிசிஐஇ வழியாக வருகிறது, ப்ளூடூத் யூஎஸ்பி வழியாக வருகிறது. பெட்டிக்குள் ஒரு மெல்லிய கேபிள் கிடக்கும். அதை மதர்போர்டின் 9 முள் யூஎஸ்பி ஹெடரில் சொருகினால்தான் ப்ளூடூத் உயிர் பெறும். முன்பக்க யூஎஸ்பி அந்த ஹெடரை ஏற்கெனவே பிடித்திருந்தால் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இன்டெல்லிலும் ஒரு குறை உண்டு. அந்த டெஸ்க்டாப்பையே 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டாக மாற்ற நினைத்தால் இன்டெல் கார்டுகள் பொதுவாக இடம் கொடுக்காது. அதற்கு மீடியாடெக் எம்டி7921 போன்றவை மேல்.

லேப்டாப் என்றால் பழைய மாடல்களில் வெள்ளைப்பட்டியல் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் தேடிப் பாருங்கள். ஹெச்பி, திங்க்பேட் வரிசைகளின் பழைய பயாஸ்களில் சில, தாங்கள் ஒப்புக்கொண்ட கார்டு இல்லையென்றால் கணினியையே ஏற்றாது.

டாங்கிள் கதை வேறு. விலை குறைவு, சொருகினால் போதும். ஆனால் டப்பாவின் பெயரை நம்பக் கூடாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் பதிப்பில் இருந்தது அத்தெராஸ் ஏஆர்9271. லினக்ஸில் சொருகியவுடன் ஓடும். அந்தப் பெயர் அதனால்தான் பரவியது. இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயர், அதே வடிவம், உள்ளே ரியல்டெக் சிப். பழைய பரிந்துரையைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கி ஏமாந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் கேட்க வேண்டியது இரண்டே விஷயம்: எந்தச் சிப், எந்தப் பதிப்பு. "லினக்ஸ் சப்போர்ட் உண்டு" என்று அட்டையில் போட்டிருப்பது, எப்போதோ ஒரு பழைய கர்னலுக்கு எழுதிய டிரைவர் தளத்தில் கிடக்கிறது என்ற அளவுக்குத்தான் பல சமயம் பொருள். சிப் சொல்லத் தெரியாத கடையில், திருப்பிக் கொடுக்கலாம் என்றால் மட்டும் வாங்குங்கள்.

எந்தச் சிப்பைக் கேட்பது? மீடியாடெக் எம்டி7610யு, எம்டி7612யு இரண்டும் 4.19-இலிருந்தே கர்னலுக்குள் இருக்கின்றன. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயு, அதற்கு 5.18 போதும்.

சில ரியல்டெக் டாங்கிள்கள் சொருகியவுடன் சிடி போல வேஷம் போடும். உள்ளே விண்டோஸ் டிரைவர் வைத்திருப்பார்கள். எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் "டிரைவர் சிடிராம் மோட்" என்று வந்தால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் தொகுப்பை நிறுவுங்கள். அது வேஷத்தைக் கலைத்துவிடும்.

டாங்கிளைக் கேபினெட்டின் பின்பக்கம், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் சொருகினால் சிக்னல் பாதியாகும். பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் ஓடினால் இன்னும் மோசம். யூஎஸ்பி 3 எழுப்புகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது என்பதை இன்டெல்லே 2012-இல் எழுதி வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஊரில் இருக்கிற கணினிக்கும், அலுவலகத்தில் நாலு பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிற கணினிக்கும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். அரை நாள் கம்பைல் செய்கிற நேரத்தின் மதிப்பு கார்டின் விலையைவிடப் பெரும்பாலும் அதிகம்.

## வழி 4: வைஃபையை விட்டுவிட்டு லேன்

இடம் மாறாத டெஸ்க்டாப்புக்கு இதை ஏன் யாரும் முதலில் யோசிப்பதில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம். மதர்போர்டின் லேன் போர்ட் லினக்ஸில் தகராறு செய்வது அபூர்வம். வேகமும் சீராக இருக்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது, கதவிடுக்கில் கேபிள் நசுங்கும் என்பதுதான் தடை.

அதற்கும் வழி இருக்கிறது. இணைய நிறுவனத்தை மாற்றியபோது மிச்சமான பழைய ரவுட்டர் பல வீடுகளில் பரணில் கிடக்கும். அதைக் கிளையன்ட் அல்லது பிரிட்ஜ் மோடில் வைத்தால் வீட்டு வைஃபையை அது பிடித்து, சிறிய லேன் கேபிள் வழியாக டெஸ்க்டாப்புக்குக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கு அங்கே வைஃபை இருப்பதே தெரியாது. இன்னொரு பிளக் பாயின்ட் தேவைப்படும். சில ரவுட்டர்களில் இருக்கும் டபிள்யூஐஎஸ்பி மோடு மட்டும் டெஸ்க்டாப்பைத் தனி நெட்வொர்க்கில் பிரித்துவிடும். வைஃபை பிரிண்டர் கண்ணில் படாது. பிரிண்டர் வேண்டுமென்றால் பிரிட்ஜ் அல்லது ரிப்பீட்டர் மோடு இருக்கிற ரவுட்டராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் தொகுப்பு இறக்க இடையில் இணையம் தேவைப்படும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். டிரைவர் எதுவும் வேண்டாம், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. சார்ஜ் மட்டும் போகிற கேபிளாக இல்லாமல் டேட்டா போகிற கேபிளாக எடுத்துக்கொள்ளுங்கள்.